அப்பா எரிந்து விழும் அந்த மூன்று நாள்

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அப்பா சொன்ன மறுநாள், ரிமோட் காணவில்லை என்பதற்காக வீட்டையே இரண்டாக்குவார். இதற்கு அவர் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

நடப்பது இதுதான். புகையை இழுத்த 10, 20 நொடியில் நிகோட்டின் மூளைக்குப் போய், அசிட்டைல்கோலின் என்ற நம் உடம்பின் சொந்த வேதிப்பொருளுக்கென்று இருக்கும் ஏற்பிகளில் (அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) உட்கார்ந்துகொள்கிறது, டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருள் சுரக்கிறது, இதமாக இருக்கிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் மூளையில் அந்த ஏற்பிகள் பெருகிவிடும். ரத்தத்தில் இருக்கும் நிகோட்டினோ சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்புறம் என்ன, காலி ஏற்பிகள் எல்லாம் சேர்ந்து கேட்க ஆரம்பிக்கும்: எரிச்சல், பசி, தூக்கமின்மை. முதல் 2, 3 நாளில் இது உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். சிகரெட் பிடித்தால் டென்ஷன் குறைகிறது என்கிறார்களே, அதில் பாதிக்கதை இதுதான். முந்தைய சிகரெட் விட்டுப்போன தவிப்பை அடுத்தது ஆற்றுகிறது.

நமக்குச் சாதகமான விஷயம், ஒவ்வொரு ஏக்கமும் பொதுவாகச் சில நிமிஷம்தான் நிற்கும். கை சட்டைப்பையைத் தடவுவதைப் பார்த்தால் அறிவுரை வேண்டாம், "வாங்க, ஒரு நடை போய்ட்டு வரலாம்" போதும். நண்பன் என்றால் ஒரு கேம் ஆடுங்கள், அல்லது அவன் போன் செய்தால் எடுங்கள், அவ்வளவுதான்.

காபி விஷயம் பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள சில பொருட்கள் (நிகோட்டின் இல்லை) கல்லீரல் காஃபீனை உடைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதே காபியில் காஃபீன் அதிக நேரம் உடம்பில் தங்கும், படபடப்பு வரும், பழி நிகோட்டின் மேல் விழும். காபியைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். சிகரெட்டுக்குப் பதிலாகத் தரும் நிகோட்டின் பட்டை (தோலில் ஒட்டுவது), சூயிங்கம், மாத்திரை எல்லாம் மருத்துவர் பாடு, நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டாரா? பலரும் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள். ஏன் பிடித்தாய் என்று கேட்டால் சண்டைதான் வரும், எங்கே, எப்போது என்று கேளுங்கள். "சாப்பிட்டு பால்கனிக்குப் போனேன், கை தானா போயிடுச்சு" என்று பதில் வந்தால், நாளைக்குச் சாப்பாடு முடிந்ததும் அவரைப் பால்கனிப் பக்கம் விடாமல் வேறு எங்காவது இழுத்துப்போக வேண்டியது உங்கள் வேலை.