சுருளின் மதிப்பு ஒரே எண் அல்ல

இதே சிக்கலோடு இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கம்பிச்சுருள் இது. 14 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டிய குட்டை ஆண்டெனா, அதற்கு வெகு கீழான அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது (இயல்பாக அதிர்ந்து இசைகிறது) என்று ஓர் இளைஞர் வந்தார். அடியில் நேர்த்தியான சுருள்: விட்டம் 4 சென்டிமீட்டர், நீளம் 6, 1 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 சுற்றுகள். "மீட்டரில் 18 மைக்ரோஹென்றி சார், கணக்கும் அதையே சொல்கிறது" என்றார்; மின்தூண்டலை அளக்கும் அலகு அது. 1928இல் பொறியாளர் வீலர் தந்த சூத்திரத்தில்தான் கணக்கிட்டிருந்தார். மீட்டர் அளந்ததோ 1 கிலோஹெர்ட்ஸில்! தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இரண்டும் சரியே. ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சுருள் ஏறத்தாழ 25 மைக்ரோஹென்றியாக நடந்துகொள்கிறது.

ஆண்டெனாவின் கணினி மாதிரியில் சுருளின் மின்தேக்குத்திறனை (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையை) சேர்க்கவில்லையா என்று கேட்டேன். அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளை இரண்டு தகடுகளாக நினைத்து, இடைவெளிக்கு ஒன்றாக 29 மின்தேக்கிகளைத் தொடராக இணைத்திருந்தார். விடை 0.1 பிக்கோஃபாரடுக்கும் (மின்தேக்குத்திறனின் அலகு) கீழே, ஆகவே விட்டுவிட்டாராம். இந்தத் தகட்டுக் கதையை எத்தனை முறை மறுப்பது? சுருளின் மின்தேக்குத்திறன் சுற்றுகளின் இடைவெளியில் ஒளிந்திருக்கும் பொருள் அல்ல. அலை சுருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நேரம் எடுக்கிறது. இரு முனைகளிலும் மின்னோட்டம் சமமாக இருப்பதில்லை. அந்த நடத்தையைச் சுருக்கிச் சொல்லும் எண்தான் இந்த மின்தேக்குத்திறன். 1947இல் ஆய்வாளர் மெட்ஹர்ஸ்ட் அளந்தே காட்டினார்: விட்டமும், நீளத்துக்கும் விட்டத்துக்குமான விகிதமுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு முனை தரையோடு இணைந்திருந்தால் இந்தச் சுருளுக்கு அது 1.9 பிக்கோஃபாரட். தகட்டுக் கணக்கைப் போல் இருபது மடங்கு! அதுவும் 18 மைக்ரோஹென்றியும் சேர்ந்து, 27 மெகாஹெர்ட்ஸில் சுருள் தானாகவே ஒத்ததிரும்; அதை நெருங்க நெருங்க மதிப்பு ஏறுவதால்தான் 14இல் அந்த 25. அதற்கு மேல் அது மின்தூண்டியே அல்ல.

இடைவெளி விட்டுச் சுற்றுங்கள், நல்லதுதான். ஆனால் பயன் வேறு: நெருக்கிச் சுற்றினால் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தை ஓரமாக ஒதுக்கி, மின்தடையை உயர்த்திவிடும்.

முதலில் சுருள் தானாகவே ஒத்ததிரும் அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள். வேலை செய்யும் அதிர்வெண் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் மீட்டர் எண்ணை நம்பலாம். பிழை 4 சதவீதம்தான். மேலே போனால் வேலை செய்யும் அதிர்வெண்ணிலேயே அளந்து பாருங்கள். உலோகப் பெட்டியின் சுவரைச் சுருளிலிருந்து ஒரு விட்டமாவது தள்ளி வையுங்கள். ஒலிபரப்பும்போது சுருளின் மேல்முனையைத் தொடவே தொடாதீர்கள், தயவுசெய்து. ரேடியோ அலைச் சூடு தோலுக்குள் ஆழமாகச் சுடும், ஆற நாளாகும்.

இளைஞரின் சுருளில் ஐந்து சுற்றுகளை வெட்டி எடுத்தோம். ஆண்டெனா 14 மெகாஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது. மீட்டர் இப்போது 14.5 மைக்ரோஹென்றி என்று காட்டுகிறது.