கீமோ நடுவில் குழந்தையின் ஈரல் வீங்கினால்: காப்பீட்டு அட்டை எப்படி உதவும்?

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளைத்தான் தாக்குகிறது. கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை), ஆபரேஷன், தேவைப்பட்டால் கதிர்வீச்சு என்று விடாமல் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுவார்கள். ஆனால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு இந்த அட்டையில் கிடைக்கும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 லட்சம் என்பது வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. தாத்தாவின் இதய ஆபரேஷனுக்கு அதே ஆண்டில் எடுத்திருந்தால், மீதிதான் பிள்ளைக்கு.

இப்போது ஈரல். இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் டாக்டினோமைசின் என்ற கீமோ மருந்தால் சில குழந்தைகளுக்கு ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு ஈரல் வீங்கும். வலது பக்கம் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் ஆபத்து கூடும். வலது விலாவுக்குக் கீழே வலி, வயிறு உப்பல், கண்ணில் மஞ்சள், அப்புறம் திடீரென்று ஏறும் எடை. இந்தக் கடைசி அறிகுறிதான் ஏமாற்றும். "பிள்ளை உடம்பு தேறுது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அது உடம்பில் சேரும் நீர். கீமோ நாட்களில் அங்கன்வாடி எடை மெஷினில் அடிக்கடி நிறுத்து, நோட்டில் எழுதி வையுங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். தயவுசெய்து வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமாலும் வேண்டாம். கீமோ போடும் மருத்துவமனைக்குப் போன் போட்டுவிட்டு அன்றே கிளம்புங்கள். அது தூரமென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108ல் போய், கீமோ சிகிச்சை விவரம் உள்ள நோட்டை முதலில் காட்டுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். தனியார் என்றால் அட்டையைச் சேரும்போதே காப்பீட்டுப் பிரிவில் கொடுங்கள். முன்அனுமதி அவர்கள்தான் வாங்க வேண்டும். ஓசூர், அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993ல் கேட்டுவிட்டுப் போங்கள்.

காமாலை வந்ததும் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் பெரிய ஆபத்து. ஈரல் தேறியதும் டாக்டர்கள் பெரும்பாலும் மருந்தின் அளவைக் குறைத்து மறுபடி தொடங்குவார்கள். அதற்கும் இதே அட்டைதான்.

போக்குவரத்துச் செலவுக்கு ரயில்வே சலுகை இருக்கிறது: ஸ்லீப்பரில் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லாததால் அங்குள்ளவர்கள் தருமபுரியிலோ ஓசூரிலோ ஏற வேண்டும். சலுகைப் படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, டிக்கெட் கவுண்டரில் கொடுங்கள்.