கிராலருக்கு ஸ்லிப்பர் கிளட்ச் வேண்டுமா?

த்ராட்டிலை விட்ட பிறகும் கிராலர் (பாறை ஏறும் ரிமோட் கார்) பாறையில் நிற்காமல் மெல்லப் பின்னால் இறங்கினால், பலரும் முதலில் சந்தேகப்படுவது இஎஸ்சியை, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியை. த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் டிராக் பிரேக்கை நூறு சதவீதம் வைத்தும் நிற்கவில்லையா, ஸ்பர் கியர் (பெரிய பல்சக்கரம்) மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும், தளர்ந்துபோன ஸ்லிப்பரில், அதாவது அளவுக்கு மீறிய விசை வந்தால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்சில்.

விசை போகும் வழி இது: மோட்டார், பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்), ஸ்பர், ஸ்லிப்பர், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஆக்ஸில், டயர். டிராக் பிரேக் என்று தனியாக ஒரு பாகம் கிடையாது, மோட்டாரே பிரேக். அந்தப் பிடியும் ஸ்லிப்பர் வழியாகத்தான் டயருக்குப் போக வேண்டும். நடுவில் ஸ்லிப்பரின் உராய்வு பேட் வழுக்கினால் மோட்டார் அசையாமல் நிற்கும், வண்டி மட்டும் உருளும்.

ஸ்லிப்பர் உண்மையில் குதித்து ஓடும் வண்டிகளுக்கான ஏற்பாடு. காற்றில் வேகமாகச் சுழலும் டயர் தரையைத் தொட்டதும் சட்டென்று நின்றால் அந்த அடி கியர் பல்லில் விழும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்பருக்கு இரு பக்கமும் பேட், வெளியே ஸ்பிரிங், லாக் நட். நடைவேகத்தில் ஏறும் கிராலருக்கு அந்த அடி வருவதே அபூர்வம். டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 ஸ்லிப்பர் இல்லாமலேதான் வருகிறது. அதில் ரப்பர் மெத்தை போன்ற குஷ் டிரைவ் இருக்கிறது. அதிர்ச்சியை வாங்கும், வழுக்காது.

எங்கள் கருத்து இதுதான். 1/10 அளவு, 35 அல்லது 55 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ் மோட்டார், 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரி, ஆக்ஸிலில் மெட்டல் கியர் என்றால் ஸ்லிப்பரை இறுக்கிவிடுங்கள். 3எஸ் போட்டு, பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டி, கண்மாய்க் கரையில் வேகமாகவும் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்லிப்பரை வேலை செய்யும்படி விட்டுவையுங்கள். ஆக்ஸில் கியர் பிளாஸ்டிக் என்றாலும் அப்படியே. அரைகுறையாகத் தளர்ந்த ஸ்லிப்பர் மட்டும் எதற்கும் ஆகாது: ஏறவும் விடாது, நிற்கவும் விடாது, சூட்டில் ஸ்பரின் நடுப்பகுதியையும் உருக்கிவிடும்.

வழுக்குகிறதா என்று தெரிந்துகொள்ள காதை நம்ப வேண்டாம். ஸ்பரிலிருந்து வெளித்தட்டு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரே நேர்கோடு போடுங்கள். சுவரில் முட்டவைத்து மெதுவாக த்ராட்டில் கொடுங்கள். டயர் வழுக்க வேண்டும், அல்லது மோட்டார் திணற வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ஸ்லிப்பர் வழுக்கியிருக்கிறது. கோடு அப்படியே இருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியையோ ஆக்ஸிலின் ரிங் கியரையோ பாருங்கள்.

இறுக்கும் முறை: மோட்டார் ஒயரைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வரை நட்டைத் திருகி, பிறகு அரைக்கால் சுற்று தளர்த்துங்கள். டயர்களை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பரைக் கட்டைவிரலால் தள்ளினால் அசையவே கூடாது. பேட் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால் 400 நம்பர் எமரி தாளில் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். கியருக்குப் போடும் கிரீஸ் பேட்டில் பட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

இறுக்கிய பிறகு அடுத்த பலவீனமான இடம் எது என்பதுதான் கேள்வி. நம்மூர்ப் பாறை காய்ந்து சொரசொரவென்று இருக்கும். மென்மையான ரப்பர் டயர் அதில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு வீடியோவில் ஈரப் பாறையில் டயர் வழுக்கித் தப்பிக்கும் இடத்தில், இங்கே முழு விசையும் உள்ளே திரும்பும். முன்சக்கரம் வெடிப்பில் சிக்கிய நிலையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து த்ராட்டில் கொடுத்தால் முதலில் போவது யுனிவர்சல் ஜாயின்ட்டில் இருக்கும் பின் (சிறு கம்பி). பிளாஸ்டிக் டிரைவ்ஷாஃப்ட் என்றால் முறுக்கிக்கொள்ளும். 1.9 அங்குல வீலுக்கான வண்டியில் 2.2 அங்குல டயர் போட்டவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். போர்ட்டல் ஆக்ஸில் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. கடைசிக் குறைப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் நடப்பதால் உள்ளே இருக்கும் ஷாஃப்டுக்குச் சுமை குறைவு.

இன்னொரு பலி மோட்டார். ஸ்லிப்பர் வழுக்காதபோது சிக்கிய சக்கரம் மோட்டாரையே நிறுத்திவிடும். நின்ற மோட்டார் இழுக்கும் கரண்ட் மிக அதிகம். மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் பிரஷும் கம்யூட்டேட்டரும் கருக ரொம்ப நேரம் ஆகாது. சித்திரை வெயிலில் பாறையே கொதிக்கும்போது இஎஸ்சி சூடாகித் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. ரிமோட்டில் த்ராட்டில் எண்ட் பாயிண்டை (உச்ச அளவை) 70 சதவீதத்துக்குக் குறைத்துவையுங்கள். சிக்கினால் த்ராட்டிலை விட்டு, ரிவர்ஸ் எடுத்து, வேறு கோட்டில் ஏறுங்கள். மோட்டார் கேனில் (வெளிக்கூட்டில்) விரல் வைக்க முடியவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி ஆறவிட வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கம் சமணர் மலையிலும் யானைமலையிலும் சமணச் சிற்பங்களும் கற்படுக்கைகளும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அங்கே வண்டியை இறக்காதீர்கள். அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம், அதுவும் வேண்டாம். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளில் தண்ணீர் நிற்கும் குழிகளின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வண்டி விழுந்தால் எடுக்க இறங்க வேண்டாம்.

வைகை மணலில் ஓட்டிய அன்றே ஸ்பர் மூடியைத் திறந்து பிரஷால் தட்டிவிடுங்கள். மணல் பேட்டுக்குள் போனால் அரைத்துவிடும். அப்படியே லாக் நட்டையும் பாருங்கள்: விரலால் சுற்ற வருகிறது என்றால் உள்ளே இருக்கும் நைலான் தேய்ந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே அளவில் புதிய நைலான் நட் வாங்கி மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான்.