ட்ரிகர் அழுத்திய பிறகு

அந்தியூர் சந்தையிலோ அவிநாசித் தேரிலோ பலூன் சுட்டுப் பார்க்காதவர்கள் கொங்கு நாட்டில் குறைவு. பத்தடி தூரத்தில் இருக்கிற பலூனைக் குறிவைத்துச் சுட்டும் குண்டு எங்கேயோ போகும். குழாயை வளைத்து வைத்திருக்கிறான் என்று கடைக்காரர் மேல் பழி விழும். அது எப்போதாவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நேரான குழாய் இருந்தாலும் அந்தத் துப்பாக்கியை வைத்துக் குறி தப்பாமல் சுடுவது சிரமம்தான்.

காரணம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். குழாயை மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். ட்ரிகரை அழுத்தினால் அது பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று குண்டைத் தள்ளும். கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் கடைசியில் போய் நின்றதும் முன்னால் ஒரு குலுக்கல். இந்த ஆட்டத்தில் பெரும்பகுதி குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அதனால் பிடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும்.

போட்டியில் பயன்படுகிற ஏர் ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை. குழாயின் கீழே ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்புவார்கள். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். ஆறிய பிறகு பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும், ஆகவே நிதானமாக நிரப்ப வேண்டும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அந்தக் காற்றைக் குறைந்த, மாறாத அழுத்தத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு கொடுக்கிறது. சிலிண்டரில் இருப்பு குறைந்தாலும் குண்டின் வேகம் மாறாது.

இந்த மாறாத வேகம் ஏன் முக்கியம்? குண்டின் எடை அரை கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர். இலக்கு அட்டை வரையுள்ள 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 17, 18 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். குறிபார்க்கும் சைட்டைத் திருகி அந்த இறக்கத்தைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் வேகம் ஒரு சதவீதம் மாறினால் இறக்கம் இரண்டு சதவீதம், அதாவது 0.35 மில்லிமீட்டர் மாறும். ரைபிள் அட்டையின் நடுவில் இருக்கும் 10-ஆம் புள்ளியின் விட்டமோ 0.5 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். புள்ளியைவிட அதை மறைக்கும் குண்டு ஒன்பது மடங்கு பெரியது!

குண்டு அந்தப் புள்ளியின் ஓரத்தைத் தொட்டாலே 10 மதிப்பெண் கிடைக்கும். அதாவது குண்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். அதற்கும் உள்ளே 10.1, 10.2 என்று 10.9 வரை கணக்கு போகும், ஒவ்வொரு படிக்கும் கால் மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 குண்டு. எல்லாமே 10.9 ஆனால் 654 வரும்.

இப்போது துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கைக்கு வருவோம். தோளில் ஊன்றிய துப்பாக்கியின் முனை கால் மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி அது 2.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். கோவைப் பட்டறைக்காரரிடம் கால் மில்லிமீட்டர் என்று சொன்னால் சிரிப்பார். ஷாஃப்ட் கடையும்போது அவர் பார்ப்பது 0.01. ஆனால் அவருடைய ஷாஃப்ட் சக்கில் இறுகப் பிடித்து நிற்கிறது. இங்கே 5 கிலோவுக்குப் பக்கமான துப்பாக்கியைப் பிடித்திருப்பது மூச்சு விடுகிற, இதயம் துடிக்கிற உடம்பு.

அதனால்தான் அந்த விநோதமான நிலை. இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்பார்கள். எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும், தசைக்கு வேலை குறைவு. தசை சோர்ந்தால் நடுங்கும், எலும்பு நடுங்காது. கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட் முதுகுக்குத் துணை. அது அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கக் கூடாது என்பதால் போட்டிக்கு முன் கருவி வைத்துச் சோதிப்பார்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது தனி வைராக்கியம். இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைக்கும் இந்த விளையாட்டில் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் இரண்டு பதக்கம் வாங்கிய வட கொரிய வீரர் கிம் ஜோங் சு, ப்ரோப்ரனலால் எடுத்தது தெரியவந்ததும் இரண்டையும் இழந்தார். அதே ஒலிம்பிக்கில்தான் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 சுட்டு 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கத்தை எடுத்தார்.

இவ்வளவு செய்தும் குறி அசையாமல் நிற்காது. அட்டையின் மேல் அது மெல்ல அலைந்துகொண்டேதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு: குறி நடுவுக்கு வந்த நொடியில் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய 0.2 விநாடி ஆகும். குறி அட்டையில் விநாடிக்கு 20 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால் அதற்குள் 4 மில்லிமீட்டர் போயிருக்கும். 10 தெரிந்தபோது சுட்டது 9-இல் விழும். தேர்ந்தவர்கள் நடுவுக்காகக் காத்திருப்பதில்லை. அலைச்சல் அடங்கி வரும்போதே விரலின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வருவார்கள். பல ரைபிள்களில் கடைசியில் 100 கிராம் அழுத்தம்கூடத் தேவைப்படாது. பிஸ்டலில் மட்டும் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி.

அழுத்திய பிறகும் வேலை முடியவில்லை. குண்டு குழாய்க்குள் ஓடி வெளியேற இன்னும் சில மில்லி விநாடி ஆகும். அந்த நேரத்தில் துப்பாக்கியின் உதை பெரிதாக ஒன்றும் செய்யாது. அரை கிராம் குண்டு 5 கிலோ துப்பாக்கியைப் பின்னால் தள்ளும் வேகம் விநாடிக்கு 2 சென்டிமீட்டர்கூட இல்லை. கெடுப்பது மனசுதான். சுட்டதும் தலையைத் தூக்கிப் புள்ளியைப் பார்க்கலாம் என்று நினைக்கிற உடம்பு, சுடுவதற்கு முன்பே தளரத் தொடங்கிவிடும். "அவசரப்படாத கண்ணு, அட்டை எங்கயும் ஓடிராது" என்று கோச் சொல்வது இதற்குத்தான். குண்டு போன பிறகும் இரண்டு விநாடி அப்படியே நிற்கப் பழகினால், முன்கூட்டியே தளரும் பழக்கம் தானாகக் கழன்றுவிடும்.

போட்டி உள்ளரங்கில் நடப்பதற்கும் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது அம்மியே பறக்கும் என்றால், அரை கிராம் ஈயம் எம்மாத்திரம். பக்கவாட்டில் வரும் சாதாரணத் தென்றலே குண்டைச் சில மில்லிமீட்டர் தள்ளிவிடும்.

அட்டைகளில் ஒரு வகை, காதால் பார்க்கும். குண்டு துளைக்கிற சத்தம் ஓரங்களில் உள்ள மைக்குகளுக்கு எந்தெந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்ற வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். கால் மில்லிமீட்டரைப் பிரித்தறிய ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தை அளக்க வேண்டும். ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுவதால், அறையின் வெப்பநிலையும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

குண்டு விஷயத்தில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று: டப்பாவில் 4.49, 4.50 என்று குண்டின் தலைப்பகுதியின் விட்டம் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒத்துவரும் அளவு வேறு. துப்பாக்கியை வைஸில் பிடித்து வகைக்குச் சில குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்குவார்கள். ஈயம் என்பதால் கை கழுவாமல் டிபனில் கை வைக்கக் கூடாது.

4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் சக்தி 8 ஜூல் அளவில்தான் இருக்கும். ஆனாலும் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், எனவே தெருவிலோ மொட்டை மாடியிலோ சுட்டுப் பழகும் ஆசை வேண்டாம். வீட்டில் பழக வேண்டுமென்றால், குண்டு இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் சுவரில் சின்னப் புள்ளி ஒட்டி ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகலாம். சரி, அதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். பல போட்டி ரைபிள்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் வெறுமனே அழுத்தினால் பிஸ்டன் முட்டி உள்ளே சேதமாகும்.