ஒட்டிக்கொண்ட பில்டரும் கட்டுக்கல்லில் சுற்றிய கயிறும்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, தடை முடிஞ்சு போட்டை எடுக்கப் போனா டீசல் பில்டர் அசையவே மாட்டேங்குது. போடும்போது வெறும் கையாலதான் போட்டேன். இப்ப கை நுழையவும் இடமில்ல, நுழைஞ்சாலும் வழுக்குது. சும்மா கிடந்த பில்டருக்கு என்னதான் ஆச்சு?"

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. ஆகஸ்ட் பிறந்தால் குமரி மாவட்டக் கரையில் நீரோடியிலிருந்து குளச்சல் வரை எஞ்சின் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாராவது ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பூஞ்சை வளரும், அந்த வழவழப்பு பில்டரை அடைக்கும். அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது, இது தெரிந்த கதை.

தெரியாத கதை ரப்பர் சீலில் இருக்கிறது. எல்லோரும் மரைதான் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மரை பில்டரின் நடுவில், சின்ன வட்டத்தில் இருக்கிறது. சீலோ விளிம்பில், பெரிய வட்டத்தில். ஒரே அளவு உராய்வு என்றாலும் மையத்திலிருந்து தள்ளி இருப்பதுதான் திருப்புகிற கைக்கு அதிக வேலை வைக்கும், கதவை கீல் பக்கம் பிடித்து நிறுத்துவதற்கும் கைப்பிடிப் பக்கம் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அந்தச் சீல் டீசலில் ஊறி லேசாக உப்பும், உப்ப இடமில்லாமல் இரும்பை இன்னும் அழுத்தும். நாள் ஆக ஆக, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் மெதுவாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். போடும்போது தொட்டுக்கொண்டிருந்தது இப்போது கவ்விக்கொண்டிருக்கிறது.

சரி, கழற்றுவோம். முதலில் எந்தப் பக்கம் திருப்புவது? சிரிக்காதீர்கள். பில்டர் தலைகீழாகத் தொங்குகிறது. கீழிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும், ஆனால் போட்டில் நாம் மேலிருந்து குனிந்துதானே பார்க்கிறோம், அப்போது கடிகாரம் சுற்றும் பக்கமே கழற்றும் பக்கம். என் மாமா போட்டில் அரை மணி நேரம் நான் வியர்த்து விறுவிறுத்து அந்த பில்டரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்க்ரூடிரைவரை பில்டருக்குள் குத்தித் திருப்புவது நம்மூர் வைத்தியம். தகரம் கிழியும், டீசல் கொட்டும், பில்டர் அங்கேயே இருக்கும். வேண்டியது பெல்ட் ஸ்பேனர், பில்டரைச் சுற்றிப் பட்டையால் இறுக்கித் திருப்புகிற கருவி. அதிலும் சாக்கெட் செட்டின் நீட்டு ராடை மாட்டக்கூடிய வகை, ஏனென்றால் பில்டரைச் சுற்றி ஒரு பட்டை நுழையும் இடம் போதும், கைப்பிடி வெளியே வந்துவிடும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு துணிப்பட்டை எப்படி இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது? துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள், அத்தனை பெரிய போட்டை ஒரு பையன் கட்டுக்கல்லில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி ஒற்றைக் கையால் பிடித்து நிற்பான். கயிற்றின் ஒவ்வொரு சின்னத் துண்டும் தன்னிடம் உள்ள இழுவிசைக்கு ஏற்பக் கல்லை அழுத்துகிறது, அழுத்தத்துக்கு ஏற்ப உராய்வு, அந்த உராய்வு அடுத்த துண்டின் இழுவிசையோடு சேர்கிறது, அந்தக் கூடிய விசைக்கு ஏற்ப அது இன்னும் அழுத்துகிறது. வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி! உராய்வு எண், அதாவது இரண்டு பரப்பு வழுக்காமல் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் பிடி சுமார் 6.6 மடங்கு, இரண்டு சுற்றில் 43, மூன்றில் 285. பையன் ஒரு கிலோ விசையில் பிடித்தால் மறுமுனையில் 285 கிலோ நிற்கும். இது ஆய்லர், ஐடெல்வைன் இருவர் பெயரில் வழங்கும் சமன்பாடு. கல் பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது, எத்தனை சுற்று, எவ்வளவு உராய்வு, அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது நம்பமுடியாமல் வீட்டுத் தென்னையில் கயிறு சுற்றிப் பார்த்தேன்.

பெல்ட் ஸ்பேனரிலும் இதே வேலைதான். ராடைத் திருப்பத் திருப்ப பட்டை இறுகும், இறுக இறுகப் பிடி பெருகும். ஆனால் வட்டி விகிதம் குறைந்தால் என்ன ஆகும்? டீசல் பட்டு உராய்வு எண் 0.1 ஆகிவிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்குகூடத் தேறாது. உலர்ந்த ஒரு சுற்று தரும் பிடிக்கு மூன்று சுற்று வேண்டும். தம்பி, உங்களுக்கு வழுக்கியதன் காரணம் இதுதான். பழந்துணியில் சோப்புத் தண்ணீர் நனைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் உப்புத்தாளைச் சொரசொரப்பு தகரத்தைப் பார்க்க வைத்து இறுக்குங்கள். பட்டை பில்டரின் மேல் விளிம்போடு ஒட்டி இருக்கட்டும். அங்கேதான் உள்ளே தடித்த தகடு இருக்கிறது, நடுவில் போட்டால் டப்பா நசுங்கும்.

ஒரு ஆதங்கம். கடலில் 6000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைக் கட்டுகிறார்கள், நானும் ஆசையாகத்தான் காத்திருக்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு துளியை, எஞ்சின் அறையில் ஒரு மனிதனின் முழங்கை மடங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்கவும் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

கண்ணுபட்டதால்தான் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்று மந்திரித்த எண்ணெயை எஞ்சின் மேல் தடவுகிறவர்களும் உண்டு. அதே எண்ணெயைப் புது பில்டரின் ரப்பர் சீலில் தடவுங்கள், உறுதியாகப் பலன் உண்டு! உலர்ந்த ரப்பர் திருப்பும்போதே முறுக்கிக்கொண்டு சுருளும், எண்ணெய் பட்டால் வழுக்கிச் சீராக உட்காரும். சீல் தொட்டதும் கையாலேயே இன்னும் முக்கால் சுற்று போதும், ஸ்பேனர் தொடவே கூடாது.

போடும் முன், மேலே பில்டர் உட்காரும் இடத்தை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். சில சமயம் பழைய சீல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் புதுசைப் போட்டால் ஒழுகும். அப்புறம் கைப்பம்பை அடித்து ஏர் எடுங்கள், குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை.