கீபோர்டு தம்பிக்கு பெட்ரோல் 300

காரைக்குடி வட்டாரத்தில் சில கத்தோலிக்கப் பங்குகளுக்கும் (கோயில் வட்டங்களுக்கும்) ஒரு சபைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். திருவிழாச் செலவுக் கோப்பைப் பிரித்தால் மைக்செட்டுக்கு பில் இருக்கும். ஜெனரேட்டர் டீசல், தேர்ப்பூ, கொடிமர பெயின்ட், சமையல் மாஸ்டர் கூலி என எல்லாவற்றுக்கும் ரசீதும் கையெழுத்தும் இருக்கும். கீபோர்டுக்கு அடாப்டர் வாங்கிய பில்கூட இருக்கும். திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் முழுக்க அதை வாசித்தவர் மட்டும் ‘இதர செலவு’ தலைப்பில், ‘கீபோர்டு தம்பி பெட்ரோல் ரூ.300’ என்று கிடப்பார்.

வாசித்தவருக்கு ஏன் கூலி இல்லை என்று கேட்டால், “ஆண்டவருக்குச் செய்ற ஊழியத்துக்குக் கூலியா சார்?” என்பார்கள். சொல்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் அதே ஆண்டவர் வீட்டில் கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளைக்கும் மறைக்கல்வி சொல்லும் உபதேசியாருக்கும் மாதச் சம்பளம் போகிறதே!

சரி, வேதாகமத்தையே பார்ப்போம். பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் வேலையிலேயே இருந்ததால் மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்கிறது 1 நாளாகமம் 9:33. நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில், சேர வேண்டிய பங்கு கிடைக்காததால் ஆலயப் பணியாளர்களான லேவியரும் பாடகரும் அவரவர் வயலுக்கு ஓடிப்போகிறார்கள். நெகேமியா சத்தம் போட்டது ஓடியவர்களிடம் அல்ல, தலைவர்களிடம். நம்மூரில் அந்த வயல் என்பது முகூர்த்த நாள் கச்சேரி, இல்லையென்றால் சிங்கப்பூர் வேலை.

அப்போஸ்தலர் பவுல் கூலி வாங்கவில்லையே என்று அடுத்து வருவார்கள். வாங்கவில்லைதான். வாங்க உரிமை உண்டு என்று 1 கொரிந்தியர் 9-இல் வரிசையாக வாதாடிவிட்டு, அப்புறம்தான் தனக்கு வேண்டாம் என்கிறார். ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியது வாசிப்பவர். அவருக்குப் பதிலாக கமிட்டி சொல்லக் கூடாது.

செட்டிநாட்டில் இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. நகரத்தார் கோயில் காரியங்களுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளிவரி போட்டுப் பணம் திரட்டுவார்கள். நாகஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் கூலி கொடுப்பதால் பக்தி குறைந்துவிட்டதாக யாரும் புலம்பியதில்லை.

அதற்காகப் பாடகர் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சம்பளம் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு பூசைக்கு வந்து சேர்ந்து பாடுவது வழிபாட்டில் பங்கெடுப்பது. போட்டால் நாற்பது குடும்பப் பங்கு தாங்கவும் தாங்காது. ஆனால் வராமலே இருக்க முடியாத ஒருவர் உண்டு. பயிற்சி கொடுத்து, சுருதி பிடித்து, பெரிய வியாழன் தொடங்கி பாஸ்கா (ஈஸ்டர்) இரவு வரை உட்கார்ந்து, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேனில் ஏறிக் கல்லல், புதுவயல் என்று நள்ளிரவு வரை சுற்றுபவர். பல இடங்களில் கீபோர்டே அவருடைய சொந்தக் கீபோர்டுதான். அவருக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதையும் ஒழுங்காகக் கொடுங்கள். கவரில் வைத்துச் சட்டைப்பையில் திணிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அடுத்த பங்குத்தந்தை வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுவிடும், கேட்கவும் கூச்சம். பங்குப் பேரவையில் தீர்மானம் எழுதி, மாதம் எவ்வளவு, எத்தனை வழிபாடு, பயிற்சி நேரம் சேர்த்தா இல்லையா என்று ஒரு பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது. 2018-இல் வந்த திருத்தம் இது. இன்னும் பல பொருளாளர்களுக்குத் தெரியாது.

மாதச் சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால், 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். கீபோர்டு வாசிப்பவர் பயப்பட வேண்டாம். வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்பப் பெறலாம். ‘இதர செலவு’ தலைப்பைப் பார்த்ததும் தணிக்கையாளர் கேள்வி கேட்பார் என்பதையும் மறக்க வேண்டாம். நானே கேட்பேன்.

கல்யாண வாசிப்பு வேறு கணக்கு. அந்தப் பணத்தை வீட்டார் நேராக வாசித்தவரிடமே கொடுக்கட்டும். பங்கு வழியாகப் போனால் பாதி வழியில் அது ‘காணிக்கை’ ஆகிவிடுகிறது. தொகையை, கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கும் முன்பே பேசிவிடுங்கள். தாலி கட்டி முடித்து, சாப்பாட்டுப் பந்தியில் நின்று பேசும் பேரம் இரண்டு பக்கத்துக்கும் அழகில்லை.