வடித்தாலும் வடியாத தண்ணீர்

கோவையில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று சிறுவாணி, இன்னொன்று போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர். எதைக் குடிக்கலாம், எதில் பாத்திரம் கழுவலாம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கார் எஞ்சினுக்குள் எந்தத் தண்ணீர் போயிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் வாங்கிய பழைய காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், உள்ளே செம்மண் குட்டை மாதிரி ஏதோ நின்றது. அதை வடித்துவிட்டுக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்ற வேண்டும் என்று தெருமுனை மெக்கானிக்கிடம் சொன்னேன். "தண்ணிதானுங்க ஊத்தியிருப்பாங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

உப்புத் தண்ணீரில் போட்ட வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கம்பி மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்குமே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். தண்ணீர் சூடாக ஆக இது கரைசலை விட்டு வெளியே வரும். ஆகவே எஞ்சினில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ, எந்த இடத்துக்குக் குளிர்ச்சி மிகவும் தேவையோ, சரியாக அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட இது பல பத்து மடங்கு மட்டம். எஞ்சின் உள்ளுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் வெப்பம் எவ்வளவு தெரியுமா? பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். சிலிண்டரின் அலுமினிய மூடி (சிலிண்டர் ஹெட்) உருகாமல் தப்பிப்பதற்கு முக்கியக் காரணம், அதன் மறுபக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் கூலன்ட். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதுதான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது.

அப்படியானால் கூலன்ட் தண்ணீரைவிட நன்றாகக் குளிர்விக்குமா என்றால், இல்லை. கூலன்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். அதையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால், வெப்பத்தை ஏந்தும் திறன் வெறும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். கோவையில் அதை வைத்து என்ன செய்வது? நமக்கு வேண்டியவை வேறு இரண்டு. கலவை சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. அதைவிட முக்கியம், அதில் சேர்த்திருக்கும் துருத் தடுப்பான்கள். இவை காலம் போகப் போகத் தீர்ந்துவிடும். கிளைக்காலும் சூட்டில் மெல்ல அமிலமாக மாறும். பழைய வகைக் கூலன்டுக்கு இரண்டு ஆண்டு, புதிய கரிம அமில வகைக்கு ஐந்து ஆண்டு என்று கெடு வைப்பது இதனால்தான். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனி ஊற்றும் சாயம், அதற்குப் பொது விதி எதுவும் கிடையாது.

கொதிநிலையை இன்னும் மேலே தள்ளுவது ரேடியேட்டர் மூடி. சமையலறை குக்கர் வெயிட்டின் வேலைதான் இதற்கும். ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைப்பதால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கலவை 130ஐ நெருங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் காலத்துக் கார்கள் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஆவி விட்டுக்கொண்டு நின்ற கதையில் இதற்கும் பங்கு உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திருகக் கூடாது என்பதும் குக்கர் பாடம்தான். அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கும். ஒரு மில்லி தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கும் மேலான ஆவியாகும்.

சரி, கூலன்டை மாற்றும் வேலைக்கு வருவோம். எஞ்சின் கை வைக்கும் அளவு ஆறிய பிறகு, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து வடித்தேன். என் காரின் கொள்ளளவு 5 லிட்டர். பாத்திரத்தில் விழுந்தது 3 லிட்டர்தான். மீதி 2 லிட்டர் எங்கே? எஞ்சின் பிளாக்கின் நீர்ப்பாதைகளில், காருக்குள் சூடு காற்று தரும் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரில். நடுவில் தெர்மோஸ்டாட் வேறு கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு 80, 90 டிகிரி வாக்கில் உருகி விரிந்தால்தான் வழி திறக்கும்.

அதனால் அலசுவது என்பது உண்மையில் ஒரு கணக்கு. சாயம் போகும் புதுப் புடவையை வாளி வாளியாக அலசுவது போல. 3 லிட்டர் சுத்தத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே பழையது 40 சதவீதம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டி (மே மாத வெயிலில் இதைச் செய்தவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ), தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் (ரேடியேட்டரோடு சேரும் குழாய்) சுடும்வரை காத்திருந்து, மறுபடி ஆறவிட்டு, வடித்து ஊற்றினால் 16 சதவீதம். மூன்றாவது முறை 6.4. ஆறும் முன் அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். ஆகவே இது அரை நாள் வேலை இல்லை, ஞாயிறு முழுவதும் போய்விடும். ஊற்றுவது பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். இப்போதும் போர்வெல்லை நம்பினால் இவ்வளவு பாடும் வீண்.

பலர் கோட்டை விடுவது கடைசிப் படியில். மூன்று முறை அலசி வடித்த பிறகும் உள்ளே 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் கடையில் கிடைக்கும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை 3 லிட்டர் ஊற்றினால், கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான் சேரும். ஐந்தில் ஒன்றரை என்றால் 30 சதவீதம். துருத் தடுப்பானும் அதே அளவுக்கு நீர்த்துப்போகும். எனவே கலக்காத கூலன்ட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, பிறகு அரை லிட்டர் தண்ணீர் விட்டேன். கணக்கு நேரானது.

அடுத்தது காற்று. கூலன்டை ஓடவைக்கும் வாட்டர் பம்பு சுழற்றித் தள்ளும் வகை. காற்று சிக்கினால் தள்ள முடியாமல் சும்மா சுற்றும். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடிப் போகும் என்பதால், காரின் முன்பக்கத்தைச் சரிவில் மேலேற்றி நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸைத் துணியால் பிடித்துப் பிசைந்தேன். ரேடியேட்டரின் வாயில் குமிழி குமிழியாக வந்தது. சில கார்களில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் போதும்.

வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். கிளைக்கால் இனிப்பானது, தெரு நாயும் பூனையும் நக்கும். ஒரு பூனையின் உயிரைப் பறிக்க ஓரிரு டீஸ்பூன் போதும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைகிறது. எஞ்சினுக்குள் படிந்த அதே கால்சியம், இங்கே வேறு வேடத்தில். நான் கேனில் அடைத்து, பழைய எஞ்சின் ஆயில் சேகரிக்கும் இடத்தில் கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ரேடியேட்டரோடு இணைந்த ரிசர்வ் டேங்கில் அளவு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஒழுகவில்லை; எஞ்சின் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைய, மூடியில் இருக்கும் இன்னொரு குட்டி வால்வு திறந்து, மிச்சக் காற்று விட்டுப்போன இடத்துக்குத் தேவையானதை உறிஞ்சிக்கொண்டது. கொஞ்சம் ஊற்றி வைத்தேன். அடுத்த நாள் அரை விரற்கடை. மூன்றாம் நாள் கோடு அசையவில்லை.